வானம் சும்மாதான் இருந்துச்சாம்

ஒரு மணிக்குக்கா. சரியா ஒரு மணிக்கு நான் அங்க இருக்கணும். இப்பவே பதினொண்ணே கால். இந்த பஸ் போற லட்சணத்துக்கு நான் இறங்கி நடந்தாக்கூட முன்னாடி போயிருவேன். பாருங்க, மறுபடி நிறுத்திட்டான். பார்சலாம். எங்க ஊர்ல ஒரு டிராக்டர் டயரை ஏத்தினான், அடுத்த கடையில ரெண்டு பெட்டி இறக்கினான், இப்ப என்னன்னு பாருங்க. பனிச்சறுக்குக் கட்டை. அதுவும் ஒத்தக் கட்டை! இன்னொண்ணு எங்க போச்சாம்?

ஐலா, காலை ஆட்டாதடி, பெரியம்மா மேல படுது பாரு.

மன்னிச்சுக்கங்கக்கா. எனக்கும் தெரியும், நம்ம பனி நாட்டு ஆளுங்க முப்பது சீட்டு காலியா இருந்தா ஆளுக்கொரு மூலையில உக்காருவாங்க. பக்கத்துல யாராவது வந்தா ஜன்னலுக்குள்ளயே புகுந்துருவாங்க. நான் வந்து உக்காந்ததும் உங்க ஊசி ரெண்டு கண்ணி விட்டுருச்சு, பாத்தேன். இவ முன் சீட்டுல உக்காந்தா டிரைவரைப் பாத்து நாக்க நீட்டுறா, அதான் பின்னால வந்தேன். நீங்க பாட்டுக்குப் பின்னுங்க. பேசணும்னுகூட இல்ல. தலைய ஆட்டினா போதும். எனக்கு யார்கிட்டயாவது சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சுரும்.

ஆமா, ரொவானியெமி டவுனுக்குத்தான். எங்க வீட்டுக்காரருக்கு விசாரணை. ஐயோ, போலீஸ் இல்லக்கா, பதறாதீங்க. வேலை விசாரணை. அவரு பாறையில துளை போடுற கம்பெனியில இருக்காரு. செம்பு எங்க கிடக்குன்னு தேடித் துளை போடுவாங்க. கையளவு அகலம்தான், ஆனா ஐநூறு மீட்டர், அறுநூறு மீட்டர் ஆழம். பதினோரு வருஷமா அதே வேலை. தார்மோன்னு பேரு. சொன்னா நம்ப மாட்டீங்க, என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்பக்கூட மொத்தமா ஏழு வார்த்தைதான் பேசினாரு. அதுல மூணு பனியைப் பத்தி.

அந்தத் துளை நேராப் போகாதுக்கா. போகப் போக வளைஞ்சுக்கும். அதனால அப்பப்ப ஒரு குழாய்க்குள்ள காந்த ஊசி வச்சு கீழ இறக்கி, எந்தப் பக்கம் சாயுதுன்னு பாப்பாங்க. சாய்ஞ்சிருந்தா ஒரு இரும்பு ஆப்பு வச்சு நேராத் திருப்புவாங்க. மார்ச் கடைசியில, ஒரு திங்கக்கிழமை, காலை எட்டு இருபதுக்கு இவரு ஊசிய இறக்கினாரு. அஞ்சு டிகிரி கிழக்க போயிருக்குன்னு ஊசி சொல்லிச்சு. இவரும் ஆப்பு வச்சு மேற்க திருப்பிட்டாரு. அடுத்த தடவை ஊசி இறக்குற வரைக்கும் ரெண்டு வாரம் ராப்பகலாத் துளைச்சாங்க. கடைசியில பாத்தா, செம்பு ஒரு பக்கம் கிடக்கு, துளை இருபத்தஞ்சு மீட்டர் தள்ளி இன்னொரு பக்கம் வெறும் கல்லுக்குள்ள போய் நிக்குது.

அதேதான். துளை முதல்லயே நேராத்தான் போயிருந்திருக்கு. ஊசிதான் பொய் சொல்லியிருக்கு.

இப்ப சொர்வாரின்னு ஒரு மேலாளர், தார்மோ ஊசியச் சரியாப் பாக்கல, தூக்கக் கலக்கத்துல தப்பாப் படிச்சுட்டாருன்னு எழுதி வச்சிருக்காரு. இன்னிக்கு ஒரு மணிக்கு அவரக் கூப்பிட்டு, காகிதத்தக் காட்டி, வேலைய விட்டு எடுக்கப் போறாங்க. பாறைக்கு வச்ச ஆப்பு கடைசியில அவருக்கே வந்து சேந்துருச்சு.

என்ன காகிதமா? அதுதான்க்கா வயித்தெரிச்சல். எங்க ஆபீஸ் காகிதம்! திங்கக்கிழமை காலை, எட்டு மணியிலேர்ந்து பத்து மணி வரைக்கும், மேல காந்தக் கலக்கம் எதுவும் இல்லைன்னு எங்க ஆபீஸ் முத்திரை போட்டுக் கொடுத்த காகிதம். வானம் சும்மாதான் இருந்துச்சாம். அப்ப ஊசி ஏன் ஆடுச்சு? ஊசி ஆடல, ஆளுதான் ஆடியிருக்காருன்னு சொர்வாரி சொல்றாரு.

நான் அங்கதான் வேலை பாக்குறேன், ஊருக்கு வெளியில அந்த ஏரிப் பக்கம், வெள்ளைக் கூரை போட்ட கட்டடம். நீங்க பாத்திருப்பீங்க. இல்லக்கா, நான் பெரிய படிப்பெல்லாம் இல்ல. எங்க ஊர்ப் பள்ளிக்கூடம், அப்புறம் ரெண்டு வருஷம் கருவி வேலைப் படிப்பு, அவ்வளவுதான். டாக்டரெல்லாம் வேற. எங்க தலைவர் டாக்டர் ரவுத்தியோ, காய்ச்சலுக்குப் பாக்குற டாக்டர் இல்ல, காகிதம் எழுதி வாங்கின டாக்டர். என் பொண்ணுக்குக் காது வலின்னு ஒருநாள் அவர்கிட்ட சொன்னா, எந்த அலைவரிசையில வலிக்குதுன்னு கேக்குறாரு.

என்ன வேலையா... குளிர்காலத்துல ராத்திரி பச்சையா ஆடுதுல்ல வானத்துல, அது சும்மா வேடிக்கை காட்டலக்கா. அங்க மேல, நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், மின்சாரம் ஆறு மாதிரி ஓடுது. வெள்ளம் வந்தா அந்த ஆறு கரைய மீறும். அப்ப கீழ இருக்கிற காந்த ஊசியெல்லாம் கிறுகிறுத்துப் போகும். பகல்லயும் உண்டு, நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கீழ நின்னு பாத்தா நம்ம தலைக்கு மேல மட்டும்தான் தெரியும். அதனால சாட்டிலைட்டுல ஒரு நீளக் கம்பு, அந்தக் கம்பு நுனியில ஒரு காந்தமானி. மூணு சாட்டிலைட்டு மாத்தி மாத்தி அந்த ஆத்து மேலயே போய், எங்க எவ்வளவு கலங்குதுன்னு அனுப்பிக்கிட்டே இருக்கும். எங்க திரையில ஒரு கோடா வரும். கோடு எகிறினா பத்து நிமிஷத்துல எச்சரிக்கை போயிரும். கரண்டு கம்பெனிக்கு, விமானக்காரங்களுக்கு, இந்தத் துளை போடுறவங்களுக்கு. ஊசிய நம்பாதீங்க, கொஞ்சம் காபி குடிச்சுட்டு வாங்கன்னு.

ரொம்ப நல்ல ஏற்பாடுதான்! கேக்க நல்லாருக்குல்ல?

ஆனா பாருங்க, அந்த சாட்டிலைட்டுக்கே சொந்தமா ஒரு குலுக்கல் உண்டு. பூமி நிழல்லேர்ந்து வெயிலுக்கு வரும்போது அதோட சூடேத்தி அணையும், சூரியத் தகடுகள்ல மின்சாரம் பாயும், உடனே கோடு ஒரு துள்ளு துள்ளும். அது வானத்தோட சேட்டை இல்ல, சாட்டிலைட்டு தும்மல் போடுது. அது என்னென்ன நேரத்துல வரும்னு முன்னாடியே தெரியும். அந்த நேரத்துல வந்தா, இது சொந்தக் குலுக்கல்னு குறிச்சு அந்தத் துண்ட அடிச்சுடணும். அடிச்சா எச்சரிக்கை போகாது. அடிக்கலைன்னா நாட்டுல பாதிப் பேரு வேலைய நிறுத்திட்டு உக்காந்துருவான்.

இத கம்ப்யூட்டரே அடிக்க வேண்டியது. ஒஸ்மோன்னு ஒருத்தன் அதுக்கு நிரல் எழுதினான். பாதி எழுதிட்டு தெக்க சம்பளம் ஜாஸ்தின்னு போயிட்டான். மீதிய எழுத ஆளக் கூப்பிடுங்கன்னு நான் டாக்டருக்கு நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் நன்றின்னு பதில் வந்துச்சு. நன்றிய வச்சு நான் என்ன பண்றது, ரொட்டியில தடவுறதா?

யாரு அடிப்பாங்களா? கையாலதான்க்கா. ஆபீஸ்ல, காலை முறைக்கு வர்றவங்க.

ஐலா, அந்த நூல்கண்ட விடுடி! இந்தா, பன்னு தின்னு. இலவங்கப்பட்டையெல்லாம் மூக்குல அப்பிக்கிட்டா பாருங்க. நீங்களும் ஒண்ணு எடுத்துக்கங்க. விடியறதுக்கு முன்னாடியே சுட்டேன். தூக்கம் வரல, சும்மா கிடக்குறதுக்கு மாவாவது பிசையலாம்னு. எடுத்துக்கங்கக்கா, எங்க வீட்டுல ஒரு தட்டு நிறைய இருக்கு, தார்மோ தொடக்கூட இல்ல.

தரையில ஊசி இல்லையான்னு கேக்குறீங்களா? நல்லாக் கேட்டீங்க, நீங்க சொர்வாரிய விடப் பரவாயில்ல. இருக்கு. காட்டுக்குள்ள தனிக் குடிசையில இருக்கு. ஒரு இரும்பு ஆணிகூட இல்லாமக் கட்டினது. உள்ள போறதுன்னா பெல்ட்டு, சாவி, ஹேர்பின்னு எல்லாத்தையும் கழட்டி வெளியில வச்சுட்டுத்தான் போகணும். போன குளிர்காலத்துல ஒரு பெரிய விஞ்ஞானி பெல்ட்டக் கழட்டிட்டு, ரெண்டு கையாலயும் கால்சட்டையப் புடிச்சுக்கிட்டே அளவு எடுத்தாரு. அவ்வளவு பவித்திரம். அப்படிப்பட்ட குடிசையோட சுவரை ஒட்டியே அந்த வாரம் பனி அள்ளுற டிராக்டர விட்டுட்டாங்க! அவ்வளவு இரும்பையும் கொண்டு வந்து பக்கத்துல நிறுத்தினா, ஊசி டிராக்டரத்தானே பாக்கும்? அந்த வாரக் கணக்கு முழுக்க செல்லாதுன்னு கிழிச்சுப் போட்டாச்சு. மிச்சம் இருந்தது சாட்டிலைட்டு மட்டும்தான்.

என்னடா நிறுத்திட்டான் மறுபடி? ஓ. கலைமான். அதுங்களுக்கு என்ன, ரோட்டுல உப்பு இருக்கு, நக்கிக்கிட்டு நிக்குது. அதுங்களுக்கு ஒரு மணிக்கு விசாரணையா, ஒண்ணா? அண்ணே, கொஞ்சம் ஹாரன் அடிங்களேன்! அடிக்க மாட்டாரு. தெரியும். அடிச்சா அதுங்க இன்னும் நடு ரோட்டுக்கு வரும். அது என்ன என்னையே பாக்குது? உன்னைத்தாண்டி, கொம்பு ஒத்தையா வச்சிருக்கியே, நகரு!

ஐலா, பாரு மான். கை காட்டு.

எதுல விட்டேன்? ஆமா, சாட்டிலைட்டு, அது தும்முற நேரம். நேரம்னு சொன்னதும் எனக்கு ஆத்திரம் வருதுக்கா. வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தத் திருப்புறாங்களே, அது யாருக்காக? மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரத்த முன்னால தள்ளிடுறாங்க. சரி, நம்ம தள்ளிருவோம். சின்னக் குழந்தைக்கு யாரு போய்ச் சொல்றது? இவ ஒரு வாரம் சாப்பிடுற நேரத்துல தூங்குவா, தூங்குற நேரத்துல சட்டியெடுத்துத் தட்டுவா. மாடு வச்சிருக்கிறவங்களக் கேளுங்க, பால் கறக்கும்போது மாடே முறைக்குதாம். எங்க ஆபீஸ்ல அதைவிட மோசம். அங்க சுவத்துல உலக நேரம் காட்டுற கடிகாரம். சாட்டிலைட்டுக்கு ஒரே நேரம்தான், அதுக்குக் குளிர்காலமும் இல்ல, வெயில்காலமும் இல்ல. நம்ம நேரம் குளிர்காலத்துல அதுக்கு ரெண்டு மணி முன்னால, அப்புறம் மூணு மணி முன்னால. நான் எந்தக் கடிகாரத்தப் பாத்து வாழுறது? குழந்தைப் பள்ளியில ஏழே முக்காலுக்கு விடணும், எட்டு மணிக்குத் திரை முன்னாடி உக்காரணும். உலக நேரப்படி கூப்பிடப் போனா புள்ள பூட்டின கதவு முன்னாடி நிக்கும்.

தார்மோவா? அவரு என்ன சொல்வாரு. சண்டை போட்டா எனக்கு நிம்மதியா இருக்கும். விசாரணைக் கடுதாசி வந்த அன்னிக்கு, சூப்பு குடிச்சுக்கிட்டே, உங்க வானம் அன்னிக்குக் காலையில எப்படி இருந்துச்சுன்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு. காகிதத்துல அமைதின்னுதான் இருக்குன்னு சொன்னேன். கரண்டியக் கீழ வச்சாரு. அப்ப நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்னாரு. அவ்வளவுதான். மறுநாள் கடையில போய்க் கண்ணாடி வாங்கிட்டு வந்துட்டாருக்கா. படிக்கிற கண்ணாடி. முப்பத்தாறு வயசு, தூரத்துக் குன்று மேல நிக்கிற மான் காதுல இருக்கிற வெட்டுக் குறிய வச்சே யார் மானுன்னு சொல்ற மனுஷன். அந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு பால் டப்பாவப் படிச்சுப் பாக்குறாரு. கழட்டிட்டுப் படிக்கிறாரு. மறுபடி போடுறாரு. ரெண்டுலயும் பால்னுதான் தெரியுது, ஆனா அவருக்கு நம்பிக்கை வரல.

என்னால அதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல.

அதனாலதான் முந்தாநாள் ஆபீஸ்ல அசல் கோட்டத் தோண்டிப் பாத்தேன். அடிச்சாலும் அடியில அசல் கோடு அப்படியேதான் கிடக்கும். யாரும் போய்ப் பாக்குறதில்ல, அவ்வளவுதான். இதோ, இந்த உறையில இருக்கு. பாருங்க, எட்டு பத்துக்கு ஆரம்பிச்சு எட்டு ஐம்பது வரைக்கும் கோடு மலை மலையா எகிறுது. சொந்தக் குலுக்கல் மூணு நிமிஷம்தான்க்கா வரும். இது நாப்பது நிமிஷம். வெள்ளம்! நிஜ வெள்ளம். அவரு ஊசிய இறக்கினது எட்டு இருபது. நடு வெள்ளத்துல இறக்கியிருக்காரு. அவரு சரியாத்தான் படிச்சாரு. ஊசி காட்டினத அப்படியே படிச்சாரு.

அவருக்கு இன்னும் தெரியாது. வண்டிய எடுத்துக்கிட்டு ஆறு மணிக்கே கிளம்பிட்டாரு. நான் வேலைக்குப் போயிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாரு. ஏன் வீட்டுலயே சொல்லலையா?

சொல்றேன் இருங்க.

டாக்டர்கிட்டயா? போனேன். நேத்து போனேன். கதவு வரைக்கும் போனேன். போன மாசம் என் வேலைய இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டாரு. அந்தத் திங்கக்கிழமை கழிச்சு வந்த வெள்ளிக்கிழமைதான். அதுல ஒரு வரி எழுதியிருந்தாரு, கவனமானவர்னு. அந்த வரிய நான் ஃபிரிட்ஜுல காந்தம் வச்சு ஒட்டியிருந்தேன். சிரிங்க, பரவாயில்ல. கதவுகிட்ட நின்னு, திரும்பி வந்துட்டேன்.

மான் போயிருச்சு. அப்பாடா. போங்கண்ணே, போங்க.

ஆமா, அதத்தான் சொர்வாரியும் கேப்பாரு. நாப்பது நிமிஷ வெள்ளத்த யாராவது தும்மல்னு அடிப்பாங்களான்னு. அடிக்கும்போது அது நாப்பது நிமிஷம்னு தெரியாதுல்லக்கா? கோடு எகிற ஆரம்பிச்சதும் நேரத்தப் பாப்போம். சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா அடிச்சுடுவோம். அடிச்சதும் அந்தத் துண்டு திரையிலேர்ந்து மறைஞ்சுடும், ஒரு மணி நேரத்துக்கு. அப்படித்தான் ஒஸ்மோ பாதியில விட்டுட்டுப் போயிருக்கான்.

ஐலாவக் கொஞ்சம் புடிச்சுக்குறீங்களா? பையில ஒரு சீட்டு வச்சேன், அதையும் உறைக்குள்ள போடணும். பரவாயில்லையே, உங்ககிட்ட அழாம வர்றா. அதிகம் பேசாத ஆளுங்கள இவளுக்குப் புடிக்கும், அப்பன மாதிரி.

எங்க போச்சு... கையுறை, துடைக்கிற துணி, ஒத்தக் காலுறை... இதோ. இதுதான். மஞ்சச் சீட்டு. திரை ஓரத்துல ஒட்டியிருந்தது. ஆபீஸ் பட்டியல் உலக நேரத்துல இருக்கும். தினமும் ரெண்டக் கூட்டி ரெண்டக் கூட்டி எரிச்சலா இருக்குன்னு, வீட்டு நேரத்துல எழுதி ஒட்டினது. பாருங்க, முதல் வரி. எட்டு பத்து, சொந்தக் குலுக்கல், அடி. அடின்னு எழுதினதுக்குக் கீழ ஒரு கோழிக்குஞ்சு, அது சும்மா வரைஞ்சது. அப்புறம் அந்த எட்ட ஒன்பதா மாத்தியிருக்கு பாருங்க, நீல மையில.

ஞாயித்துக்கிழமை கடிகாரம் மாறிச்சுல்ல. சாட்டிலைட்டு மாறல. அப்ப அதோட தும்மல் நம்ம கடிகாரத்துல ஒன்பது பத்துக்குத்தானே வரணும்? திங்கக்கிழமை எட்டு பத்துக்குக் கோடு எகிறிச்சு. சீட்டுல எட்டு பத்துன்னு இருக்கு. அடிச்சேன்.

ஆமாக்கா. என் எழுத்துதான். கோழிக்குஞ்சும் என்னோடதுதான். காலை முறை நான்தான். ரெண்டு வருஷமா நான் மட்டும்தான்.

ஒன்பது பத்துக்கு மறுபடி ஒண்ணு எகிறிச்சு. இது என்னடா புதுசா இருக்கு, சீட்டுல இல்லையேன்னு பாத்தேன். அட, கடிகாரத்த மாத்திட்டாங்களேன்னு தனியா சிரிச்சேன்க்கா. சிரிச்சுக்கிட்டே எட்ட ஒன்பதாக்கி, அதையும் அடிச்சேன். அப்ப எட்டு பத்துக்கு நான் அடிச்சது எதைன்னு... ஒரு நொடி தோணுச்சு. தோணலைன்னு சொன்னா பொய். அடிச்சத எடுக்கணும்னா டாக்டருக்கு எழுதணும், காரணம் எழுதணும், வெள்ளிக்கிழமை அவருதான் என் வேலைய நீட்டிக் கையெழுத்துப் போடணும். அப்ப குழந்தைப் பள்ளியிலேர்ந்து போன் அடிச்சுது. இவளுக்குக் காது வலி, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டேன். அப்ப நான் இருந்து, எழுதி, போன்ல சொல்லியிருந்தா, ஆப்பு இறங்கியிருந்தாலும் மறுநாளே ஊசிய விட்டுப் பாத்துத் திருத்தியிருப்பாங்க.

நான் ஒண்ணும் சொல்லாம இந்த மலை மலையா எகிறுற கோட்ட மட்டும் நீட்டலாம்னுதான் வீட்டுலேர்ந்து கிளம்பினேன். யார் அடிச்சாங்கன்னு கேட்டா, ஆபீஸ்லன்னு சொல்லலாம்னு. உங்ககிட்டயும் அப்படித்தானே சொன்னேன்? நீங்க அதுக்கு மேல ஒண்ணும் துருவாம பின்னிக்கிட்டே இருந்தீங்க. அது ரொம்ப மோசமான பழக்கம்க்கா, பேசுறவங்கள உளற வைக்குது.

பாலம் வந்துருச்சு. அடுத்த நிறுத்தம்தான் நான். வாடி ஐலா, பெரியம்மாவுக்கு முத்தம் கொடு. ஐயோ, கம்பளி நூல்ல பூரா சர்க்கரை.

இப்ப நான் சொன்னேன்ல, என் எழுத்துதான்னு. கேக்குறதுக்கு எப்படி இருந்துச்சு? தடுமாறிச்சா? இல்லையா? சரி, உள்ள போய் அப்படியே சொல்லிடுறேன்.

மணி என்னக்கா? இல்ல, உங்க கைக்கடிகாரம் வேணாம், பரவாயில்ல. அத நீங்க மாத்தினீங்களோ என்னவோ. டிரைவரண்ணே, மணி என்னண்ணே?